பச்சை பிடித்த செம்புக் கம்மல்கள்: கோத்தகிரிப் பட்டறை ஒன்றின் மழைக்கால நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோத்தகிரிக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு சிற்றூரில், தேயிலை பறிக்கும் வேலையை விட்ட பெண்கள் சிலர் மகளிர் குழுவாகச் சேர்ந்து வண்ணச் செம்பு நகைகள் செய்து வருகிறார்கள். உலோக வேலை இந்த மலைக்குப் புதிதல்ல. பழங்குடியினரான கோத்தர்கள் பல தலைமுறைகளாக நீலகிரியின் மற்ற மக்களுக்கும் கொல்லு வேலை செய்து கொடுத்தவர்கள். ஆனால் இக்குழுவினர் யாரும் அந்த மரபில் வந்தவர்கள் அல்லர். கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கிப் பயிற்சி கொடுத்த ஓர் ஆசிரியையிடம் தகடு வெட்டவும், அரம் போடவும், வெங்காரம் வைத்துத் துண்டுகளைப் பற்றவைத்து இணைக்கவும், எனாமல் சுடவும் கற்றுக்கொண்டு, பட்டறையைத் தாங்களாகவே நடத்தத் தொடங்கியவர்கள்.

அவர்கள் செய்பவை பெரும்பாலும் இரண்டு வகை நகைகள். முதல் வகையில், செம்புத் தகட்டின்மேல் கண்ணாடித் தூளான எனாமலைத் தூவி, சிறிய மின்சூளையில் 800 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இரண்டு மூன்று நிமிடங்கள் சுடுகிறார்கள். தூள் உருகி, தகட்டோடு ஒட்டிய வழுவழுப்பான வண்ணப் பரப்பாகிவிடும். தோடர் பூத்தையலின் சிவப்பையும் கறுப்பையும் வெள்ளையையும் பார்த்து அமைத்த தொங்கட்டான்கள் இவ்வகையில் அதிகம் விற்பவை. இரண்டாவது வகையைக் குழுவினர் ‘தீ வண்ணம்’ என்று சொல்கிறார்கள். நன்றாக மெருகிட்ட செம்புத் தகட்டின்மேல் சிறிய எரிவாயுச் சுடரை ஓட்டினால் முதலில் ஆரஞ்சும், பிறகு ரோஜா நிறமும், ஊதாவும், நீலமும் வரிசையாக எழும். வேண்டிய நிறம் வந்ததும் சுடரை விலக்கிவிட வேண்டும். இந்த நிறங்களில் சாயம் எதுவும் இல்லை. வெப்பத்தால் செம்பின்மேல் உண்டாகும் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி தன்னுடன் தானே கலப்பதால் தோன்றுபவை அவை. நனைந்த தார்ச்சாலையில் சிந்திய டீசல் காட்டும் வண்ணங்களைப் போன்றவை. படலத்தின் தடிமன் சிறிது மாறினாலும் நிறம் மாறிவிடும், படலம் போனால் நிறமும் போய்விடும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை எளிதில் விளங்கும்.

காதில் நுழையும் கொக்கிகளை 92.5 வெள்ளிக் கம்பியில் செய்தார்கள். கவரிங் கொக்கிகளில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகும் என்பதால், விலை கூடினாலும் வெள்ளிதான் என்று தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தார்கள். நல்ல தீர்மானம் அது.

புகார்கள்

கோத்தகிரிப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பட்டறைக்குள்ளேயே மூடுபனி வந்து நிற்கும் நாள்கள் உண்டு. முந்தைய ஆண்டுகளில் கோடைக்காலச் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த நகைகள் சில வாரங்களிலேயே விற்றுவிட்டதால், எதுவும் நெடுநாள் பெட்டியில் இருந்ததில்லை. அந்த ஆண்டு தீபாவளியையும் டிசம்பர் விடுமுறையையும் நம்பி ஆகஸ்டிலிருந்தே செய்து சேர்த்தார்கள். மழை பலத்ததும் மலைக்கு வருவோர் குறைந்தார்கள், சரக்கு தேங்கியது.

நவம்பர் நடுவில் முதல் புகார் வந்தது. சமவெளியில் உள்ள ஒரு கடை, விற்பதற்கென எடுத்துச் சென்ற கம்மல்களில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பியது. ‘பின்பக்கம் பச்சை பிடித்திருக்கிறது, வெள்ளிக் கொக்கி கறுத்திருக்கிறது, வாடிக்கையாளர்கள் வெள்ளிதானா என்று கேட்கிறார்கள்’ என்று ஒரு சீட்டும் உடன் இருந்தது. அடுத்த சில வாரங்களில் வாங்கியவர்களே நேராகக் கைப்பேசியில் அழைக்கத் தொடங்கினார்கள். ஒருவர், “காதுமடல் பச்சையா ஆயிடுச்சும்மா, பொண்ணு பயந்துட்டா” என்றார். இன்னொருவர் தீ வண்ணப் பதக்கம் அழுக்கடைந்ததாக எண்ணிப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். வண்ணம் முழுவதும் போய்ப் பளபளவென்று வெறும் செம்பு வந்துவிட்டதாம்.

செம்பு, பித்தளை, வெள்ளிப் பொருள்களைப் பராமரிப்பதில் பயிற்சி உள்ளவன் என்பதால் டிசம்பரில் என்னை அழைத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது குழுவுக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே எட்டப்பட்டிருந்தது. “மழையாலதான் சார் எல்லாம். வெயில் வந்தா சரியாயிடும்” என்றார் தலைவி. மழைக்கும் இதில் பங்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் 65 முதல் 70 விழுக்காட்டைத் தாண்டினால் உலோகப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, அரிப்பு விரைவடையும். ஆனால் அதே அறையில், சுவரில் ஆணியடித்து வெறுமனே மாட்டியிருந்த மாதிரித் தகடுகள் சற்றே மங்கியிருந்தனவே தவிர, பச்சை பிடிக்கவில்லை. பெட்டிக்குள் பத்திரமாக வைத்தவை கெட்டுப்போய், வெளியே கிடந்தவை பிழைத்திருந்தன. மழை ஒன்றே காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

பார்த்தவை

கெட்டுப்போனவற்றை வெள்ளைத் தாளில் பரப்பிப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பச்சை என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னது உண்மையில் ஒரே பொருளன்று. தீ வண்ணப் பதக்கங்களின் ஓரத்திலும் பொறித்த கோடுகளின் பள்ளத்திலும் இருந்த பச்சை நீலச்சாயல் கொண்டது, பிசுபிசுப்பானது, கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது. ஊசிமுனையால் தொட்டபோது மெழுகைப் போல இழுபட்டது. டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் ஒற்றியபோது கரைந்து பஞ்சே பச்சையாயிற்று. எனாமல் கம்மல்களின் வளையத் துளையைச் சுற்றி இருந்த பச்சையோ வெளிறியது, பொடியானது. ஊசி பட்டதும் உதிர்ந்தது, டர்பன்டைனுக்கு அசையவில்லை. அந்தப் பொடியின் அடியில் செம்பு குழிகுழியாக அரிக்கப்பட்டிருந்தது.

கொக்கிகளின் கறுப்பு மூன்றாவது சங்கதி. குழுவின் கடையில் காட்சிக்கு வைக்கும் தட்டில் இருந்தவை முழுக்கக் கறுத்திருந்தன. அதே அலமாரியின் கீழ்த்தட்டில், பருத்திப் பைகளில் கிடந்தவற்றில் பெரும்பாலானவை வெள்ளையாகவே இருந்தன. இதை முதலில் கவனித்தவர் குழுவின் கணக்கைப் பார்க்கும் இளம்பெண்: “அழகா இருக்கட்டும்னு மேல் தட்டுக்குத்தான் சார் மெரூன் கம்பளி ஒட்டினோம். அதுல வச்சதுதான் கறுக்குது.” பைகளில் இருந்தவற்றுள்ளும் சில இடையில் மட்டும் ஒரு வளையமாகக் கறுத்திருந்தன. அவை ஜோடி பிரியாமல் இருக்க ரப்பர் பேண்டு சுற்றப்பட்டவை என்பதைச் சற்று நேரம் கழித்தே கண்டுபிடித்தோம்.

பிறகு வேலை நடக்கும் முறையைத் தொடக்கத்திலிருந்து செய்துகாட்டச் சொன்னேன். சூளையிலிருந்து வரும் செம்பின் வெறும் பகுதிகளில் கறுப்புச் செதில் படியும். அதைப் போக்க அமிலம் ஆபத்து என்று அஞ்சி, புளியும் கல் உப்பும் கரைத்த நீரில் இரவு முழுவதும் ஊறப்போடுவார்கள். காலையில் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசித் துணியில் துடைப்பார்கள். குளிரில் கை விறைக்கும் காலையில் இரண்டாம் முறை அலச யாருக்குத்தான் மனம் வரும்? தீ வண்ண நகைகளுக்கு நிறம் ஏறியதும், தேனெடுப்பவர்களிடம் வாங்கிய தேன்மெழுகை நீலகிரித் தைலத்தில் கரைத்து, குழைவுக்காகச் சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்து, இளஞ்சூட்டில் பூசுவார்கள். நிறம் ஆழமாகத் தெரியும், தைல வாசனையும் இருக்கும். வாங்க வருபவர்கள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விலை கேட்பார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

காரணங்களைச் சோதித்தது

ஐயம் இப்போது மழையை விட்டு மெழுகு, உப்புப் புளி, கம்பளி, ரப்பர் ஆகியவற்றின்மேல் திரும்பியது. ஆனால் இவை அனைத்தும் குழுவினர் நகையைக் காக்கவென்றே செய்தவை. வெளியாள் ஒருவன் சொன்னான் என்பதற்காக அவற்றை விட்டுவிடும்படி கேட்பது முறையன்று, கேட்டாலும் நிலைக்காது. எனவே எல்லோரும் கண்ணால் பார்க்கும்படி சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

பொருளைச் சுற்றி வைக்கும் துணியும் மரமும் உலோகத்தைக் கெடுக்குமா என்பதைக் கண்டறிய அருங்காட்சியகங்களில் ஒரு சோதனை உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ ஆடி 1973-இல் வெளியிட்டதால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. சோதிக்க வேண்டிய பொருளின் ஒரு துண்டையும், சிறிது தண்ணீரையும், வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளையும் கண்ணாடிப் புட்டியில் காற்றுப் புகாமல் அடைத்து, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைத்திருப்பார்கள். நகைக்கு வேண்டாத ஈயத்தை மட்டும் நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு புட்டியில் மெரூன் கம்பளி, ஒன்றில் ரப்பர் பேண்டு, ஒன்றில் சரக்குப் பெட்டி செய்த சில்வர் ஓக் மரத்தின் சீவல், கடைசிப் புட்டியில் தண்ணீரும் உலோகத் துண்டுகளும் மட்டும். ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உலர்ப்பு அடுப்பில் ஓரமாக இடம் கொடுத்தார்கள்.

அந்த ஆய்வகத்திலேயே ஐந்து நிமிட வேலை ஒன்றும் நடந்தது, குழுவினரை மிகவும் அசைத்தது அதுதான். புளி, உப்பில் ஊறி வழக்கம் போல ஒருமுறை அலசப்பட்ட கம்மலை வாலை வடிநீரில் (உப்புகள் நீக்கிய தூய நீரில்) சற்று நேரம் போட்டு எடுத்து, அந்நீரில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டோம். தெளிந்த நீர் பால் விட்டது போல உடனே வெளுத்தது. குளோரைடு, அதாவது உப்பு, கம்மலின் மடிப்புகளில் இன்னும் ஒட்டியிருக்கிறது என்பதே அதன் பொருள். வெறும் வடிநீரில் விட்ட சொட்டு எந்த மாற்றமும் காட்டவில்லை. “கழுவினோமே சார்!” என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள், இன்னொருவர் இரண்டாம், மூன்றாம் அலசல் நீரையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கலங்கல் குறைந்துகொண்டே போயிற்று.

வீட்டில் செம்புக் குடத்தைப் புளியும் உப்பும் போட்டுத்தான் துலக்குகிறோம், ஒன்றும் ஆவதில்லையே என்று கேட்கலாம். ஆனால் குடம் அகன்ற பரப்பு உடையது, நாள்தோறும் கழுவப்படுவது. கம்மலிலோ வளையத்துக்கும் துளைக்கும் இடையிலுள்ள நூலளவு இடுக்கில் தங்கிய உப்பு, ஈரக்காற்றிலிருந்து நீரை இழுத்துச் செம்பைத் தொடர்ந்து தின்கிறது. அங்கே வெள்ளிக் கொக்கியும் தொட்டுக்கொண்டிருப்பது இன்னொரு கேடு. இரண்டு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால், மட்டமானது தன்னைக் கொடுத்து உயர்ந்ததைக் காக்கும். இங்கே கொடுத்தது செம்பு. பொடிப்பச்சை ஏன் வளையத் துளையைச் சுற்றியே திரண்டது என்பதற்கு இதுவே விடை. காதில் போட்டபின் வியர்வையும் அதே வேலையைச் செய்கிறது. காதுமடலில் படும் பச்சை பெரும்பாலும் சோப்பு போட்டுக் கழுவினால் போய்விடும், அச்சப்பட ஒன்றுமில்லை.

மெழுகுப் பச்சையை விளங்கவைக்க ஆய்வகம் தேவைப்படவில்லை. பட்டறைப் பூசை மாடத்தில் இருந்த பித்தளை விளக்கையே எடுத்துக் காட்டினேன். எண்ணெய் தேங்கும் குழியின் விளிம்பில் அதே நீலப்பச்சைப் பிசுக்கு. எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சை நிறச் சோப்பாக மாறுவதால் வருவது அது. தேன்மெழுகிலும் இயல்பாகவே அமிலங்கள் உண்டு, அதோடு தேங்காயெண்ணெயும் சேர்ந்துகொண்டது. இருந்தாலும் மெருகிட்ட தகடுகளில் ஒன்றை வெறுமனேயும், ஒன்றைத் தேன்மெழுகும் தைலமும் பூசியும், ஒன்றைத் தேங்காயெண்ணெயும் சேர்த்துப் பூசியும், ஒன்றைச் சுத்திகரித்த பாரஃபின் மெழுகு பூசியும் ஈரமான மூடிய டப்பாவில் வைத்துவிட்டு வந்தேன்.

புட்டிகளைத் திறந்த நாளில் குழுவில் பாதிப்பேர் ஆய்வகத்துக்கு வந்திருந்தார்கள். கம்பளிப் புட்டியின் வெள்ளித் துண்டு பழுப்பும் கறுப்பும் கலந்திருந்தது. கம்பளி ஆட்டு மயிர்தானே. அதன் எடையில் ஏறத்தாழ 3 விழுக்காடு கந்தகம், அது மெல்ல வாயுவாக வெளிப்பட்டு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ரப்பர் பேண்டும் கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்தியதுதான், அந்த வெள்ளி நீலங்கறுப்பாக இருந்தது. மரச்சீவல் புட்டியில் வெள்ளி தப்பியது, செம்பு மங்கியிருந்தது. மரம் வெளிவிடும் அசெட்டிக் அமில ஆவி அதற்குக் காரணம். எதுவும் போடாத புட்டியில் இரண்டும் ஏறக்குறைய வைத்தபடியே இருந்தன. டப்பாவிலோ, தேங்காயெண்ணெய் சேர்த்த தகட்டின் விளிம்பு முழுவதும் பச்சை. தனித் தேன்மெழுகு பூசியதில் ஆங்காங்கே. பாரஃபின் பூசியதில் இல்லை.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

கம்பளியையும் ரப்பரையும் விடுவதில் யாருக்கும் மறுப்பில்லை. கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணி தட்டில் ஏறியது. ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி ஜிப் கவருக்குள் போனது. மரப்பெட்டி கடையில் அழகுக்காக மட்டும் நின்றது. சரக்கு மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாறி, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளும், ஈரப்பதம் காட்டும் சிறிய மீட்டரும் வைக்கப்பட்டன. சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் 110, 120 டிகிரியில் உலர்த்தி மறுபடி பயன்படுத்த வேண்டும் என்பதையும், சோறாக்கும் பாத்திரத்தில் அதை வறுக்கக் கூடாது என்பதையும் எழுதி ஒட்டினோம்.

புளிக்கும் உப்புக்கும் பதிலாகச் சிட்ரிக் அமிலம் வந்தது. ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஏறத்தாழ 100 கிராம், உப்பு துளியும் கூடாது. இரும்புச் சாமணத்தை (சிறு இடுக்கியை) அதில் விட்டால் கரைந்திருக்கும் செம்பு வெள்ளிக் கொக்கிமேல் படிந்து சிவக்கும் என்பதால் மரக்குச்சியால் எடுக்கப் பழகினார்கள். எனாமல் நிறங்களில் சில அமிலம் நெடுநேரம் பட்டால் பளபளப்பை இழக்கும். இரவு முழுவதும் ஊறவைக்கும் வழக்கம் அதனாலும் போயிற்று. ஊறல் முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் ஒருமுறை, வெந்நீரில் மூன்று முறை, கடைசியாகப் பெட்ரோல் பங்குகளில் விற்கும் பேட்டரித் தண்ணீரில் ஒருமுறை என்று அலசும் வரிசை அமைந்தது. வெந்நீருக்காக ஒரு கொதிகலன் வாங்கியதுதான், என் கணிப்பில், மொத்தச் செலவில் மிகப் பயனுள்ளது. அலசச் சொல்லி எத்தனை அட்டை எழுதி ஒட்டினாலும், மழைக்காலக் காலையில் குளிர்ந்த தண்ணீரில் யாரும் பலமுறை கையை விடப் போவதில்லை.

வாக்குவாதம் மூண்டது தேன்மெழுகில்தான். “அதை விட்டுட்டா நம்ம நகைக்குன்னு என்ன சார் இருக்கு? சிட்டிலயும்தான் செம்பு வளைச்சு விக்கிறாங்க” என்றார் தலைவி. தேனெடுப்பவர்களிடம் வாங்குவதை நிறுத்துவது அவருக்கு மனம் ஒப்பாத காரியமாகவும் இருந்தது. கணக்குப் பார்ப்பவர் மெதுவாக, “அக்கா, இப்படியே பச்சை பிடிச்சா அதுதான் நம்ம அடையாளம்னு ஆயிடும்” என்றார். கடைசியில் மெழுகுக்கு வேறு வேலை கிடைத்தது. தகட்டை அறுக்கும் நுண்வாளின் அலகில் தேன்மெழுகைத் தடவினால் அலகு சிக்காமல் ஓடும். சுடுவதற்கு முன் அது முற்றிலும் கழுவப்பட்டுவிடுவதால் நகைக்குக் கேடில்லை.

அதன் இடத்தில் எதைப் பூசுவது என்பதில் சில வழிகளைக் கருதி விட்டோம். அருங்காட்சியகங்களில் செம்புப் பொருள்களுக்குப் பயன்படுத்தும் பென்ஸோடிரையஸோல் நன்றாகவே காக்கும். ஆனால் அது உடலுக்கு ஏற்றதல்ல. தோலில் உராயும் நகைக்கோ, சன்னல் சாத்தி வேலை செய்யும் பட்டறைக்கோ பொருந்தாது. எபாக்ஸி பிசின் தடிமனாகப் படிந்து தீ வண்ணத்தின் மினுக்கத்தைக் கொன்றுவிடும், வெயிலில் மஞ்சளிக்கவும் செய்யும். மெல்லிய அக்ரிலிக் லேக்கரை இரண்டு முறை பூசி, அதன்மேல் பாரஃபின் மெழுகைத் துடைத்துவிடுவது என்று தீர்மானித்தோம். பூச்சு தேயும், தேய்ந்தால் மறுபடி பூசலாம் என்பதே அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். தீ வண்ண மோதிரங்கள் செய்வதை மட்டும் அறவே நிறுத்தினார்கள். விரலில் கிடந்து பாத்திரமும் துணியும் தேய்க்கும் மோதிரத்தில் எந்தப் பூச்சும் நிற்காது.

விற்றுப்போன நகைகள்

வாங்கியவர்களுள் அழைத்தவர்களுக்கு மட்டும் பதில் சொன்னால் போதுமா என்ற கேள்வி எழுந்தது. கைப்பேசி எண் இருந்த எல்லோருக்கும் செய்தி அனுப்பி, பச்சை பிடித்தவற்றைத் திருப்பித் தந்தால் இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொல்வது என்று குழு முடிவெடுத்தது. செலவாகுமே என்று சிலர் தயங்கினார்கள். வந்தவை அஞ்சியதைவிடக் குறைவு. மெழுகுப் பச்சை கண்டவற்றை டர்பன்டைனில் துடைத்து, சோப்பு நீரில் கழுவி, நிறம் கெட்டிருந்தால் தேய்த்துவிட்டு மறுபடி சுடர் காட்டினார்கள். பொடிப்பச்சை குழி விழுந்த கம்மல்களைச் சரிசெய்ய முயலவில்லை. குளோரைடு குழிக்குள் இறங்கிவிட்டால் மேலே துடைப்பது மறைப்பதாகத்தான் ஆகும் என்பதால் புதிய ஜோடியே கொடுத்தார்கள்.

பராமரிப்பு அட்டை ஒன்றும் அச்சிட்டார்கள். முதல் வரைவு நீளமாக இருந்தது. பிறகு மூன்று செய்திகள் மட்டும் நின்றன: கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்துக் கவரில் போட்டு மூடவும், குளிக்கும்போதும் சென்ட் அடிக்கும்போதும் போட வேண்டாம், புளி, எலுமிச்சை, பற்பசை, விபூதி எதனாலும் தேய்க்க வேண்டாம். விபூதியைச் சேர்க்கச் சொன்னவர் குழுவின் மூத்த உறுப்பினர். வெள்ளியை விபூதியால் துலக்கும் வழக்கம் அவர் வீட்டில் உண்டு. வெள்ளிக்கு அது பாதகமில்லை, தீ வண்ணமோ ஒரே தேய்ப்பில் போய்விடும். அட்டையை யாரும் படிப்பதில்லை என்பதால் விற்பவர் வாயாலும் சொல்கிறார். கொக்கி மட்டும் கறுத்தால் அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் வெந்நீரும் சேர்த்து வெளுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கொக்கியைக் கழற்ற முடிந்தால் மட்டும் செய்யலாம், செம்போடு சேர்த்துப் போடக் கூடாது.

அடுத்த மழைக்காலம்

புதிய முறையில் செய்த சரக்கு அடுத்த அக்டோபர், நவம்பரை டப்பாக்களுக்குள் கடந்தது. பொடிப்பச்சை எதிலும் வரவில்லை. கொக்கிகள் வெள்ளையாகவே இருந்தன. மழை முந்தைய ஆண்டுக்குக் குறைவானதல்ல.

ஆனால் புதிதாக ஒரு கோளாறு வந்தது. மூடுபனி சூழ்ந்த ஒரு பிற்பகலில், ஆர்டர் அவசரம் என்று லேக்கர் பூசிய ஒரு தொகுதி முழுவதும் பால் படிந்தது போல வெளுத்துவிட்டது. லேக்கரின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் பூச்சுக்குள் படிவதால் நேர்வது இது. அசிட்டோனில் பூச்சைக் கரைத்து எடுத்துவிட்டு, மீட்டர் 60-க்குக் கீழே காட்டிய ஒரு நாளில் மறுபடி பூசினார்கள். அடியில் இருந்த நிறத்துக்குச் சேதமில்லை. இப்போது தீ வண்ண வேலையை ஜனவரி முதல் ஏப்ரல் வரை வைத்துக்கொண்டு, மழை மாதங்களில் எனாமல் மட்டும் சுடுகிறார்கள். அதிலும் மின்னழுத்தம் குறையும் மாலைகளில் சூளையைத் தொடுவதில்லை; வெப்பம் போதாமல் வரும் எனாமல் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி விழுந்து நிற்கும்.

இன்னொரு விளைவை நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். தைல வாசனை எங்கே என்று பழைய வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். குழுவினரே வழி கண்டார்கள்: பராமரிப்பு அட்டையின் மூலையில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம், அட்டை ஜிப் கவருக்கு வெளியே. தலைவிக்கு இதில் பரம திருப்தி.

மாற்ற வேண்டியவை

இதே நிலை வேறொரு பட்டறையில் வந்தால் நான் முதலில் கேட்பது கெட்டுப்போன நகையை அல்ல, கெடாமல் இருந்ததையே. இங்கே ஆணியில் தொங்கிய மாதிரித் தகடுகள் இல்லாதிருந்தால் மழையின்மேல் பழியைப் போட்டுவிட்டுச் சிலிக்கா ஜெல் மட்டும் வாங்கியிருப்பார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டை எதுவும் பூசாமல், தேதி எழுதி, தனியே வைத்திருக்கும் வழக்கத்தை இப்போது குழு கடைப்பிடிக்கிறது. எந்தத் தொகுதி எந்த நாளில் ஊறி, எத்தனை முறை அலசப்பட்டது என்பதற்கு முன்பு குறிப்பு எதுவும் இல்லாததால், திரும்பி வந்த நகைகளில் எவை எந்த முறையில் செய்தவை என்று பிரிப்பதற்கே நெடுநேரம் வீணாயிற்று. நோட்டுப் புத்தகம் ஒன்று இப்போது தொட்டி அருகே கயிற்றில் தொங்குகிறது. புதிய துணியோ, பசையோ, பெட்டியோ வாங்கினால் புட்டிச் சோதனைக்கு ஒரு துண்டு போகிறது.

தீராத ஒன்று உண்டு. சிவப்பு எனாமல் ஏறிய தட்டையான தொங்கட்டான்கள் சிலவற்றின் ஓரத்தில் மயிரிழை விரிசல் காண்கிறது. செம்பு குளிரும்போது எனாமலைவிட அதிகம் சுருங்குவதால், பின்பக்கமும் எனாமல் பூசி இழுவிசையைச் சமன் செய்ய வேண்டும் என்பது விதி. தூளை மிச்சப்படுத்தப் பின்பக்கத்தை மெலிதாக விட்ட தொகுதிகளில்தான் விரிசல் அதிகம் என்பது நோட்டைப் பார்த்துத் தெரிந்தது. ஆனால் பின்பக்கம் சரியாகப் பூசிய சிலவற்றிலும் அது இருக்கிறது. தகட்டைச் சற்றுக் குழிவாக அடித்தால் இழுவை பரவலாகும் என்பதால், குழித்த தகடுகளிலும் தட்டைத் தகடுகளிலும் ஒரே டப்பாவின் சிவப்பை ஏற்றி, பின்பக்கம் ஒரே அளவு பூசி, அலமாரியின் கீழ்த்தட்டில் பக்கம் பக்கமாக வைத்திருக்கிறார்கள். ஜனவரியில் எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதாக ஏற்பாடு.